தாய் கட்டிய வீடு

 



வரலாற்று நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பெரியார் ஒருவரின் பெயரை அடுத்து அவருடைய தந்தையின் பெயர் வரும். அதனை அடுத்துப் பாட்டனாரின் பெயர் வரும். இன்னாரின் மகன் இன்னார் என்று ஏழு தலைமுறை வரைக்கும் எழுதிவைத்த சமுதாயம் நம்முடையது. ஆனால் அந்தப் பெரியாரைப் பெற்று, பாலூட்டி, எழுத்தாணியைக் கையில் கொடுத்து அனுப்பிய தாயின் பெயர் பல இடங்களில் காணக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றது.

தாயின் பாதத்தைச் சுவர்க்கத்தோடு சேர்த்துப் பேசும் நபிமொழியை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். உபகாரம் செய்யப்பட வேண்டியவர்களில் முதலிடம் யாருக்கு என்று வினவப்பட்டபோது மூன்று முறை தாயையும் நான்காவதாகத் தந்தையையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட செய்தியைச் சிறு பிள்ளைகளும் அறிவர். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காரணத்தினாலோ என்னவோ, அந்தத் தாய் எங்கே நின்று, எதனை விற்று, யாருடைய துணையோடு பிள்ளையை வளர்த்தாள் என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்கின்றது. முதலில் நம் மார்க்க அறிஞர்களின் தாய்மாரிடமும், பின்னர் வாகரை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கிழக்குக் கரையின் தாய்மாரிடமும் கேட்கின்றது.

காஸாவிலிருந்து மக்கா வரை

இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். அந்த மத்ஹபின் இமாம் முஹம்மத் இப்னு இத்ரீஸ் அஷ்ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 767இல், பலஸ்தீனத்தின் காஸாவில் பிறந்தார்கள். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை காலமானார். இளம் விதவையின் கையில் இருந்த செல்வம் அந்தக் குழந்தை ஒன்றுதான். குறைஷிக் குலத்துப் பிள்ளை தன் இனத்தாரை அறியாமல் வளர்ந்துவிடக் கூடாது என்று அஞ்சிய அந்தத் தாய், குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வயதானபோது அதனைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்குப் பயணமானார்கள். காஸாவிலிருந்து மக்காவுக்கு உள்ள பாலைவன வழியை ஒருமுறை மனத்தில் எண்ணிப் பாருங்கள்.

மக்காவில் பிள்ளையை ஓதுவதற்கு அனுப்பினார்கள். ஆசிரியருக்குக் கொடுக்கக் காசு இல்லை. பிள்ளையின் கூர்மையைக் கண்ட ஆசிரியர், தாம் இல்லாத நேரத்தில் ஏனைய மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பணியை அவரிடம் ஒப்படைத்து, அதனையே கட்டணமாக ஏற்றுக்கொண்டார். எழுதக் கடதாசி வாங்க வசதி இல்லாமையால் எலும்புகளிலும், அரச அலுவலகத்தில் ஒதுக்கிய தாள்களின் பின்பக்கங்களிலும் அந்தச் சிறுவர் எழுதிப் படித்தார். ஏழு வயதில் குர்ஆனையும் பத்து வயதில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவையும் மனனம் செய்ததாக அன்னாரின் வரலாறு கூறுகின்றது.

வாலிபரான பின்னர் யெமனுக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. பயணச் செலவுக்குப் பணம் இல்லை. அப்போது அந்தத் தாய் வீட்டைப் பதினாறு தீனாருக்கு அடகுவைத்து அந்தப் பணத்தை மகனின் கையில் கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் அறிவிக்கின்றனர். இளைஞர்களே, இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய், தன் தலைக்கு மேலிருந்த கூரையை மகனின் கல்விக்காகப் பணயம் வைத்தார். வீடு என்ற அந்தச் சொல் இக்கட்டுரையில் மீண்டும் நம் முன்னே வரும்.

மகரும் நூற்கதிரும்

மதீனாவில் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றபோது அவர்களின் மகன் அனஸ் சிறு பிள்ளை. தாய் தன் மகனுக்குக் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பதைக் கணவர் வெறுத்தார். வீட்டை விட்டுச் சென்ற அவர் ஷாம் தேசத்தில் இறந்துபோனார். பின்னர் அபூ தல்ஹா பெண் கேட்டு வந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவுவதையே உம்மு ஸுலைம் தமது மகராகக் கேட்டுப் பெற்றார்கள். பத்து வயதான அனஸை நபி (ஸல்) அவர்களின் பணிக்கு ஒப்படைத்தார்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அந்த மகன், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவராக விளங்கினார்.

கூபா நகரின் பேரறிஞர் ஸுப்யான் அஸ்ஸவ்ரி (ரஹ்) அவர்கள் இளமையில் வறுமையால் கல்வியைக் கைவிட நினைத்தபோது, நீ படி, என் நூற்கதிரால் உன்னை நான் காப்பாற்றுவேன் என்ற பொருள்பட அவர்களின் தாய் உறுதி கூறினார்கள். அந்தத் தாய் காசு கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. படித்தவை உன் நடத்தையைத் திருத்தியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள், திருத்தவில்லையாயின் அந்தக் கல்வியால் உனக்குப் பயனில்லை என்று மகனை எச்சரித்தும் இருக்கின்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாயும் இத்தகையவரே. மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, ஆசிரியர் ரபீஆவிடம் அறிவைக் கற்பதற்கு முன்னர் அவரது ஒழுக்கத்தைக் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இந்த வரலாறுகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். இத்தாய்மார் எவரும் முற்றிலும் தனித்து நின்று பிள்ளையை வளர்க்கவில்லை. ஷாபிஈயின் தாய்க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த ஓர் ஆசிரியர் கிடைத்தார். அலுவலகக் கழிவுத் தாளை எடுத்துச் செல்ல விட்ட ஊர் ஒன்று இருந்தது. உம்மு ஸுலைமுக்கு மதீனாவின் பள்ளிவாசலும் பண்புள்ள ஒரு கணவரும் வாய்த்தனர். தாய் விதைத்தாள். ஊர் தண்ணீர் ஊற்றியது.

வெருகலாற்றுக்குத் தெற்கே

இனி நம் மண்ணுக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் காடுமாக அமைந்த பிரதேசம் வாகரை. பனிச்சங்கேணி, மாங்கேணி, கதிரவெளி முதலிய ஊர்களைக் கொண்டது. தமிழ் மக்களும் கரையோர வேடர் வழிவந்தோரும் அங்கே வாழ்கின்றனர். வடக்கே வெருகலாறு. அதற்கப்பால் மூதூர். தெற்கே வாழைச்சேனை, ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி என முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் தொடர்கின்றன.

இந்தக் கரையின் வாய்வழி வரலாற்றில் வெருகலுக்கு ஓர் இடம் உண்டு. முன்னொரு காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் பகை மூண்டபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், திமிலர் வடக்கே வெருகலை நோக்கித் துரத்தப்பட்டனர் என்றும், அந்த உதவிக்குக் கைம்மாறாக முஸ்லிம் ஆண்கள் முக்குவப் பெண்களை மணமுடித்து இங்கேயே தங்கிவிட்டனர் என்றும் மூத்தோர் சொல்வர். கதையின் ஒவ்வொரு வரியையும் சான்று காட்டி நிறுவ முடியாது. ஆயினும் அது ஓர் உண்மையைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் தம் தொடக்கத்தைச் சொல்லும்போது, கடல் கடந்து வந்த தந்தையரோடு இந்த மண்ணின் தாய்மாரையும் சேர்த்தே சொல்கின்றனர்.

எழுத்து வழியாகவும் ஒரு செய்தி உண்டு. போர்த்துக்கேயர் தம் ஆட்சியில் இருந்த கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டில் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். அகதிகளாக வந்தோர் இங்கே வயல் செய்தனர், வணிகம் செய்தனர், உறவு கொண்டனர்.

தாயின் வளவு

அவ்வாறு வேரூன்றிய சமுதாயத்தில் ஒரு தனித்தன்மை வளர்ந்தது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் தமிழர்களைப் போலவே முஸ்லிம்களிடமும் ‘குடி’ என்ற தாய்வழிப் பிரிவு நிலைபெற்றது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்தார். அந்தப் பதவியும் பல ஊர்களில் மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, வந்தது. தாய்வழிச் சொத்துரிமையை விவரிக்கும் முக்குவர் சட்டத்தை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் நூலாக வெளியிட்டார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இக்குடி முறையை நுணுக்கமாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்.

குடி முறையின் நடைமுறை வடிவம் வீடு. மகளுக்குத் திருமணம் நடக்கும்போது பெற்றோர் அவளுக்கு வீட்டையும் வளவையும் எழுதிக் கொடுப்பர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றோர் அதே வளவில் சிறியதொரு வீட்டுக்கோ அடுத்த வளவுக்கோ மாறிச் செல்வர். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. ஆகவே அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்குள் அல்லது ஒரு கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தனர்.

இதனால் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? ஓர் உம்மா மட்டுமல்லர், அவரைச் சூழ ஒரு தாய்க் கூட்டமே கிடைத்தது. உம்மா வயலுக்குச் சென்றால் உம்மம்மா சோறு ஊட்டினார். உம்மா நோயுற்றால் சாச்சி குளிப்பாட்டினார். பெரியம்மாவின் மடியில் கிடந்து பிள்ளை ஓராட்டுக் கேட்டு உறங்கியது. மகரிபுக்குப் பின்னர் குப்பி விளக்கின் முன்னே அலிப், பே என்று முதலெழுத்தைக் காட்டிக்கொடுத்ததும் பல வீடுகளில் மூத்த பெண்மணி ஒருவரே. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் மூலம், பாடசாலை வாசலை மிதித்திராத பெண்களும் மார்க்க நூல்களை வாசித்தனர். வாசித்ததைப் பேரப்பிள்ளைக்குக் கதையாகச் சொல்லினர். பன்பாய் இழைத்தும், நெல் குற்றியும், மருதமுனை போன்ற ஊர்களில் கைத்தறியில் உதவியும் அவர்கள் பொருள் ஈட்டினர்.

மனைவியின் பெயரில் வீடு இருந்தமையால் கைவிடப்பட்ட பெண்ணும் பிள்ளைகளோடு தெருவுக்கு வரவில்லை. கணவர் இறந்தாலும் கூரை நின்றது. மகளின் கையில் சாவி கொடுத்த மூத்தோர் இதனைச் சட்டப் புத்தகம் படித்துச் செய்யவில்லை. தாய்க்கு நிலம் உறுதியாக இருந்தால்தான் பிள்ளைக்குக் கால் ஊன்ற முடியும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஏட்டுக் கல்வியும் தாய்மையும்

அக்காலம் எல்லா வகையிலும் பொற்காலமாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. பெண்பிள்ளையை வயது வந்ததும் பாடசாலையிலிருந்து நிறுத்தும் வழக்கம் நீண்ட காலம் நம்மிடம் இருந்தது. இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838–1898) முதன்மையானவர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அவர், ஆண்பிள்ளைகளின் பாடசாலையோடு பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் கண்டியில் முயற்சி எடுத்தார். அவர் 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது, குழந்தைப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த ஒருவனின் கதை என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

1892இல் கொழும்பில் உருவான கல்விக்கூடம் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. முஸ்லிம் பெண்களுக்கென்று கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல்தான் தோன்றியது. இடையில் கழிந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல். மகனுக்கும் மகளுக்கும் இடையே நாம் வைத்த தூரத்தை இந்த இரண்டு ஆண்டுகளே அளந்து காட்டுகின்றன. 1940களில் கல்முனையில் அரச அதிகாரியாகப் பணியாற்றிய ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் கிழக்கு மாகாணத்து ஏழைப் பிள்ளைகளின் திறமையையும் வறுமையையும் நேரில் கண்டார். 1945இல் அவர் முன்னின்று அமைத்த முஸ்லிம் கல்விச் சகாய நிதி, தாய் ஒருத்தியால் தனித்துச் சுமக்க முடியாத சுமையைச் சமுதாயம் தோள்மாற்றிச் சுமந்ததற்கு நல்ல உதாரணம். இன்று ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம் பெண்பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர். அவர்களுள் எத்தனை பேரின் பின்னால் எழுத்தறியாத உம்மம்மா ஒருவரின் பிடிவாதம் இருக்கின்றது என்பதை அந்தந்தக் குடும்பங்கள் அறியும்.

சோதனைக் காலம்

பின்னர் வந்தன இரத்தமும் கண்ணீரும் தோய்ந்த ஆண்டுகள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் கூடப் பலியாயினர். அதே செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஓர் இரவில் விதவையானவர்கள் மறுநாட் காலையில் பிள்ளைக்குத் தேநீர் வைக்க வேண்டியிருந்தது. வைத்தனர். அந்தப் பிள்ளைகள்தாம் இன்று ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வணிகர்களாகவும் நம் மத்தியில் நடமாடுகின்றனர்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். வாகரை தொடக்கம் பொத்துவில் வரை கரையோர ஊர்கள் சிதைந்தன. அதன்பின் எழுந்த புதிய வீடுகள் பலவற்றின் உறுதிப்பத்திரங்கள் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவர்மாருக்கு எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வளவு, நிவாரணப் படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிப் போனது. அலை கொண்டுபோன வீட்டைப் பற்றிப் பேசியோர் பலர். இந்த இழப்பைப் பற்றிப் பேசியோர் சிலரே.

2006 ஆகஸ்டில் போரினால் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு ஓடினர். அவ்வாண்டின் இறுதியில் வாகரையில் சிக்கியிருந்த தமிழ் மக்கள் எறிகணைகளுக்கு நடுவே பட்டினி கிடந்தனர். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர் எறிகணை வீச்சில் பலியாயினர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாகும் வரை, காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் குழந்தையை இடுப்பில் சுமந்து தாய்மார் வெளியேறியவண்ணம் இருந்தனர். மூதூரின் உம்மாவும் வாகரையின் அம்மாவும் பேசிய சொல் வேறாக இருக்கலாம். அவர்கள் சுமந்த பாரம் ஒன்றே.

வீட்டுக்காகப் பிரிந்த தாய்

பெற்றோர்களே, இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது.

முன்னர் தாயையும் மகளையும் ஒரே வளவில் வைத்திருந்தது அந்தச் சீதன வீடு. இன்று அநேக குடும்பங்களில் தாயையும் மகளையும் ஆயிரக்கணக்கான மைல் தூரம் பிரித்துவைப்பதும் அதே வீடுதான். மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்த காலத்தில் பெற்றோர் தம் உழைப்பால் அதனைக் கட்டினர். கல் வீடாக, மாடி வீடாக எதிர்பார்ப்பு உயர்ந்தது. வீட்டோடு கைக்கூலியும் நகையும் சேர்ந்தன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், கைக்கூலியைக் கணவனிடமிருந்து மனைவி மீளக் கோருவதற்கு இடமளித்திருந்தும் அப்படிக் கோரும் துணிவு எத்தனை பெண்களுக்கு வாய்த்தது? காணி விலை ஏறியது. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் வாப்பாவின் கூலியால் ஒரு சுவரும் எழவில்லை.

1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்கின் கதவு திறந்தது. 1990களில் வெளிநாடு சென்ற இலங்கைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். கிழக்கிலிருந்தும் தாய்மார் சென்றனர். பிறர் வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, பிறர் வீட்டுச் சோற்றைச் சமைத்து, தன் மகளுக்குக் கல் மேல் கல்லாக வீடு கட்டினர். வீடு முடிந்தபோது மகள் பெரியவளாகியிருந்தாள். இடைப்பட்ட ஆண்டுகளை எந்தக் கொத்தனாராலும் கட்டித்தர முடியவில்லை.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நாடே அறியும். ஏழைக் குடும்பத்தின் மூத்த மகள், 2005இல் பதினேழு வயதில், வயதை உயர்த்திக் காட்டிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணம் தொடர்பாகக் கைதாகி, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனைக்கு உள்ளானார். அவ்வாண்டில் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்களாகச் செல்வதைத் தடுத்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பசி வந்தபோது சட்டமும் தளர்ந்தது.

இளைஞர்களே, வெளிநாடு சென்ற தாயைக் குறைகூறுவது எளிது. மகன் போதைக்கு அடிமையானாலும் தாய் இல்லாத குறை என்கின்றோம். மகள் படிப்பை விட்டாலும் தாயின் குற்றம் என்கின்றோம். வீட்டில் இருந்த தந்தை எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. வீடு இல்லாமல் பெண் எடுக்க மாட்டோம் என்று சொன்ன மணமகனின் வீட்டார் யார் என்றும் கேட்பதில்லை. தாயை அனுப்பிவைத்தது அந்தச் சொல்தான். மார்க்கம் மகரை ஆணின் மீது கடமையாக்கியது. தன் கூரையை அடகுவைத்த இமாமின் தாயைப் புகழும் நாம், நம் ஊர்த் தாய் தன் உடலையே அடகுவைக்கும்போது பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து விமர்சிக்கின்றோம்.

வரலாறு நமக்குச் சொல்வது

தாயின் பங்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாய்மாருக்கே உபதேசம் செய்து முடிப்பர். நாம் பார்த்த வரலாறு ஏனையோரை நோக்கியும் விரல் நீட்டுகின்றது.

திருமணத்துக்குக் காத்திருக்கும் வாலிபரே, உங்கள் எதிர்கால மாமியாரின் பாஸ்போட் உங்கள் கையில் இருக்கின்றது. வீடு வேண்டும் என்று நீங்கள் வாய்திறந்தால் ஒரு தாய் விமானம் ஏறுவாள். அவளுடைய கடைசிப் பிள்ளை அழும். நாம் இருவரும் உழைத்துக் கட்டிக்கொள்வோம் என்று சொன்னால் அந்த விமானத்தில் ஓர் ஆசனம் வெறுமையாகும். அதே வேளை, பெற்றோர் மனமுவந்து மகளுக்குக் கொடுக்கும் வீட்டை அவள் பெயரிலேயே இருக்க விடுங்கள். அது உங்கள் பிள்ளைகளின் கூரை.

தந்தையரே, உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் நீங்களே உம்மாவாகவும் இருக்க வேண்டியவர்கள். பிள்ளையின் தலைவாரி விடுவதும், பாடசாலைக் கூட்டத்துக்குச் செல்வதும், அனுப்பிய பணத்துக்குக் கணக்கு வைப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. உம்மு ஸுலைமின் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்ட அபூ தல்ஹாவை (ரழி) எண்ணிப் பாருங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகளே, இமாம் ஷாபிஈயிடம் கட்டணம் கேட்காத அந்த ஆசிரியரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்தத் தாயின் பயணம் வீணாகியிருக்கக் கூடும். தாய் பிரிந்த பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணி, மாலை வேளையில் அவர்களுக்கு ஓர் இடமும் ஓர் ஆசிரியரும் ஒரு வேளை உணவும் கொடுப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஸகாத் பட்டியலில் அந்தக் குடும்பங்களை முன்னுக்குக் கொண்டுவந்தால், புறப்பட ஆயத்தமாகும் தாய்மாரில் சிலரையேனும் தடுத்து நிறுத்தலாம்.

உம்மம்மாமாரே, சாச்சிமாரே, ஒரே வேலிக்குள் வளர்ந்த பழைய காலம் திரும்பி வராது. ஆயினும் பக்கத்து வீட்டில் உறங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு கதை சொல்ல வேலி தடையாகாது. அந்தப் பிள்ளை நம் பிள்ளையாகவும் இருக்கலாம், அடுத்த கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தாய்மாரே, உங்களுக்குச் சொல்ல இருப்பது குறைவு. ஸுப்யானின் தாய் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். மகன் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதோடு, படித்த பின்னர் அவன் பேச்சு மென்மையானதா, தங்கையிடம் இரக்கம் காட்டினானா என்றும் கேளுங்கள். தொலைவில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தூரம் இல்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுச் சுவரை இன்றிரவு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதில் எத்தனை ஆண்டுகள் பூசப்பட்டிருக்கின்றன என்று உங்கள் உம்மாவிடமே கேளுங்கள். அவர் சொல்லும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். நம் வரலாற்று நூல்களில் எழுதப்படாமல் விடுபட்ட பக்கம் அது. அதனை எழுதவேண்டியவர்கள் நீங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மாரின் உழைப்பைப் பொருந்திக்கொள்வானாக. மரணித்தோருக்கு அருள்புரிவானாக. தூர தேசங்களில் இருப்போரைத் தம் பிள்ளைகளிடம் நலமே சேர்ப்பிப்பானாக. ஆமீன்.